பூவாடைக்கு இரண்டு புடவை

1

மாமாவின் வாய்ஸ் மெசேஜ் வந்தபோது நான் மாத்திரை வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தேன். அயர்லாந்தில் கார்க் நகரத்துக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை. வேலை நேரத்தில் போனை எடுக்கக் கூடாது. ஆனால் ஊரிலிருந்து மெசேஜ் வந்தால் யாருக்கு என்ன ஆச்சோ என்று உடனே கேட்டாக வேண்டும். வெளிநாட்டில் இருக்கிற எல்லோருக்கும் இந்த வியாதி உண்டு. துணி அடுக்கும் அறைக்குள் புகுந்து காதில் வைத்துக் கேட்டேன்.

மாமா என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர், சேகர். ஆவடி பக்கத்தில் வெள்ளானூரில் வீடு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத் வேலை. அக்கா போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது.

"இன்னா மா, நல்லா கீறியா? வர்ற மாசம் உங்கக்காவுக்கு வருசம் வருது. பூவாடப் படையல் போட்டுடலாம்னு எங்கக்கா சொல்லுது. நீ வந்துடு. பாப்பாவையும் இட்டாந்துடு. பொடவைய பாப்பாதான் கட்டணும். அவள வுட்டா இந்த ஊட்ல வேற யாரு கீறாங்க?"

நல்ல விஷயம்தான். எனக்குத்தான் அதில் ஒரு சிக்கல் இருந்தது.

பூவாடை தெரியாதவர்கள் இருப்பீர்கள், சொல்லிவிடுகிறேன். புருஷன் இருக்கும்போதே பூவும் பொட்டுமாகப் போய்விட்ட பெண்ணை எங்கள் பக்கம் வீட்டுச் சாமியாக வைத்துக் கும்பிடுவார்கள். புதுப் புடவை, ரவிக்கைத் துணி, வளையல், பூ எல்லாம் அவள் படத்துக்கு முன்னால் வைத்துப் படைப்பார்கள். படைத்த புடவையை வீட்டுப் பெண் ஒருத்தி கட்டிக்கொண்டு வந்து நிற்க வேண்டும். அவள் உடம்பில் அந்தப் புடவையைப் பார்த்தால்தான் போனவளுக்கு மனசு நிறையும் என்பது நம்பிக்கை.

அக்காவுக்குக் குழந்தை இல்லை. நான் முதலில் தனியாகத்தான் அயர்லாந்து போனேன். விசா, வீடு, பரீட்சை என்று அலைந்து முடிக்கிறவரை என் பெண் யாழினி, மாமா சொன்ன பாப்பா, வெள்ளானூரில் அக்கா இடுப்பில்தான் இருந்தாள். பேசக் கற்றது அங்கே, நடக்கக் கற்றது அங்கே. மாமாவின் வண்டி டேங்க் மேல் உட்கார்ந்துகொண்டு ஆவடி மார்க்கெட் வரைக்கும் போவாள். நான் கூப்பிட வந்தபோது என்னைப் பார்த்து அழுதாள். அதனால் அந்த வீட்டுப் பெண் யார் என்றால் அவள்தான், அதில் யாருக்கும் சந்தேகமில்லை.

அந்த யாழினி போன கோடையில் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டாள். இது மாமாவுக்குத் தெரியாது.

2

முதலில் கிடார் வாசிக்கப் போகிறேன் என்றாள். கூட வேலை செய்கிற மலையாளி நர்ஸின் பெண்ணும் இவளும் சிநேகிதிகள். அவர்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை பாட்டு உண்டு. சரி, போகட்டும் என்று விட்டேன். அப்புறம் புதன்கிழமையும் போனாள். அப்புறம் உபவாசம். அப்புறம் ஒரு நாள், கடலில் முக்கி ஞானஸ்நானம் கொடுக்கப்போகிறார்கள், நீங்களும் வாங்க என்றாள். அந்த ஊர்க் கடலில் கோடையில் கால் வைத்தாலே விறைத்துவிடும். நான் போய் டவலை வைத்துக்கொண்டு கரையில் நின்றேன். எனக்குள் என்னென்னவோ ஓடியது. வாயில் வந்தது ஒன்றுதான், தலையை நல்லா துவட்டு.

என் வீட்டுக்காரர் இதில் தலையிடவில்லை. கோயிலுக்கும் போக மாட்டார், சர்ச்சுக்கும் போக மாட்டார், கிரிக்கெட் பார்ப்பார். கஞ்சா அடிக்கிறாளா, குடிக்கிறாளா, சாமிதானே கும்பிடுறா, உனக்கு இன்னா இப்போ என்றார்.

நானும் பெரிய பக்தை இல்லை. வந்த புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை கற்பூரம் ஏற்றி, புகை அலாரம் அலறி, அந்தக் கட்டடத்தில் இருந்த மொத்தப் பேரும் நைட்டியும் கோட்டுமாகக் கீழே இறங்கி நின்றார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் முருகனுக்கு பேட்டரி விளக்குதான். ஆனால் நான் அரைகுறை என்பதாலேயே அவள் முழுசாக நம்புவது எனக்குப் பயமாக இருந்தது. வீட்டில் இருந்துகொண்டே போனில் நான் வெளியே இருக்கிறேன் என்று யாரிடமாவது சொன்னால்கூட, ஏம்மா பொய் சொல்றீங்க என்று கேட்பாள். இப்படி ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு நான் வெள்ளானூர் போக வேண்டும்.

அவளிடம் சொன்னதும் உடனே வருகிறேன் என்றாள். பெரிம்மாவுக்காக வராம இருப்பேனா என்றாள். படைத்ததைச் சாப்பிட மாட்டேன், கும்பிட மாட்டேன், புடவையும் முடியாது, மன்னிச்சிடுங்க என்று மெதுவாகத்தான் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன். மெதுவாகச் சொல்கிறவளை என்ன செய்வது?

மாமாவிடம் சொல்ல வேண்டியது நான்தான். தினமும் போன் போட்டேன். பேச்சு மழை, மின்வெட்டு, வேலை, சாப்பாடு என்று எல்லா இடத்துக்கும் போகும். அந்த இடத்துக்கு மட்டும் போகாது. சரி, நேரில் சொல்லலாம் என்று வைத்துவிடுவேன்.

3

விசா விண்ணப்பத்தில் மதம் என்ன என்று கேட்கிறார்கள். யாழினிக்கு ஐரிஷ் பாஸ்போர்ட், அதனால் சொந்தப் பெரியம்மாவின் படையலுக்கு வர அவளுக்கு விசா வேண்டும். அவள் ஒரு நொடி தயங்காமல் கிறிஸ்தவம் என்று போட்டாள். தூதரகத்துக்குத் தெரிந்துவிட்டது, வெள்ளானூருக்கு எப்போது தெரியுமோ என்று பக்கத்தில் உட்கார்ந்து நகம் கடித்தேன்.

விமானத்தில் மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். 'மாமா, எல்லா சாமியும் ஒண்ணுதான்' என்று ஆரம்பிக்கலாமா? அது யாழினிக்கு ஆகாது. 'சின்னப் பொண்ணு, போகப்போகச் சரியாயிடும்' என்றால்? அதுவும் அவளுக்கு அவமானம். 'எங்க ஊர்ல இதெல்லாம் சகஜம் மாமா' என்றால் மாமாவுக்கு அவமானம். யாருக்கும் வலிக்காத ஒரு வாக்கியம் கிடைக்கவே இல்லை.

வெள்ளானூரில் இறங்கினால் எனக்கே வழி தெரியவில்லை. வயல் இருந்த இடமெல்லாம் மனைக்கல், அதற்கு அந்தப் பக்கம் அடுக்குமாடி. மாமா ஏர்போர்ட்டுக்கே வந்திருந்தார். மனிதர் பாதியாக இளைத்திருந்தார். யாழினியைப் பார்த்ததும் அவள் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தார். அவள் ஆட்டோக்காரரை வாய் நிறைய 'நீ' போட்டுப் பேச, நான் பதற, மாமா மட்டும் சிரித்தார். எத்தனையோ மாதம் கழித்துச் சிரிக்கிறார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். இந்த முகத்தைப் பார்த்து நான் எப்படிச் சொல்ல?

மாமாவின் அக்கா கஸ்தூரி கொரட்டூரிலிருந்து முன்னாடியே வந்து வீட்டைக் கையில் எடுத்திருந்தார். நல்ல மனுஷி, ஆனால் கண்ணில் எதுவும் தப்பாது. யாழினியின் வெறும் நெற்றியைப் பார்த்துக் குங்குமச் சிமிழோடு வந்தார். அலர்ஜி கா என்றேன். கோயில் பிரசாதம் வந்தது. வயிறு சரியில்ல கா என்றேன். யாழினி என்னை முறைத்தாள். இப்படியே போனால் படையலன்று என்ன வியாதி சொல்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

4

வழி காட்டியதும் கஸ்தூரிக்காதான், தெரியாமல். படையலுக்கு என்னென்ன சமைப்பது என்று பேசும்போது, சொந்தத்தில் இரண்டு குடும்பம் சபைக்குப் போகிறது, அவர்களுக்குப் படைக்கிறதுக்கு முன்னாடியே தனியா எடுத்து வெச்சிடணும், மறக்காம ஞாபகப்படுத்து என்றார். எங்கள் பக்கம் இது வழக்கம். யாரும் யாரிடமும் கேட்பதில்லை, விளக்குவதில்லை. படைக்காத சோறு ஒரு தூக்கில் தனியாகப் போய்விடும். அவர்களும் வந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். ஒரே அடுப்பு, ஒரே பானை, யாருக்கும் சங்கடமில்லை.

அட, சோற்றுக்குச் செய்கிறதைப் புடவைக்குச் செய்தால் என்ன?

புடவை எடுக்கிற வேலையை மாமா என்னிடம்தான் கொடுத்திருந்தார். அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு கடைக்குப் போய் அக்காவுக்குப் பிடித்த அரக்கு நிறத்தில், மஞ்சள் கரை வைத்து, ஒரே மாதிரி இரண்டு எடுத்தேன். ரெட்டப் புள்ளைங்களா கா என்று கடைக்காரப் பையன் கேட்டான். ஆமாம் என்றேன். பொய் சொல்வது பழகிவிட்டால் நிற்பதே இல்லை.

கணக்கு இதுதான். ஒன்றைப் படையலில் வைப்பது. இன்னொன்றை உள்ளறை பீரோ மேல் வைத்திருப்பது. கட்டிக்கொண்டு வா என்று மாமா படைத்த புடவையைக் கொடுப்பார். அதை நான் வாங்கிக்கொண்டு உள்ளே போய் மாற்றிவிடுவேன். யாழினி படைக்காததைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பாள். மாமாவுக்கு மனசு நிறையும், அவளுக்கும் பாவமில்லை.

யாழினிக்கு இது பிடிக்கவில்லை. ரொம்ப நேரம் யோசித்தாள். பெரிப்பாவுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டாள். தெரியும், அவர்தான் இப்படிச் செய்யச் சொன்னார் என்றேன். அப்படின்னா கட்டுறேன், பெரிப்பா ரொம்ப நல்லவங்க என்றாள்.

5

அன்று கூடம் நிறைந்துவிட்டது. மாமாவின் பங்காளிகள், பட்டறை ஆட்கள், சபைக்குப் போகிற அந்த இரண்டு குடும்பம், எல்லோரும். சுவரோரம் அக்கா படம், மாலை போட்டு. முன்னால் இலை, பொங்கல், வடை, கொழுக்கட்டை, மஞ்சள் பூசிய சொம்பு. நான் அடுப்படியில் எடுத்து வைக்க வேண்டிய சோற்றை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

கூடத்துக்கு வந்து பார்த்தால், தாம்பாளத்தில் அரக்குப் புடவை இரண்டு. இரண்டிலும் முனையில் மஞ்சள் தடவி, மேலே பூ வைத்து. கற்பூரம் எரிந்துகொண்டிருக்கிறது.

கஸ்தூரிக்கா என் காதில் சொன்னார், ஏம்மா, ரெண்டு எடுத்தாந்துட்டு வாயே தொறக்கல நீ, பீரோ மேல கவர பாத்தேன், ஒனக்கும் சேத்துதான எடுத்த, நல்ல வேள வெச்சிட்டேன். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. தங்கைக்கும் ஒரு புடவை என்று நினைத்தார். எங்கள் வீடுகளில் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

பேசாமல் விட்டால் ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை. யாழினியிடம் இதுதான் படைக்காதது என்று நீட்டினால் நம்பிக் கட்டிக்கொள்வாள். அவள் எனக்காக ஒன்றுக்கு இறங்கி வந்திருக்கிறாள், அதையும் நான் ஏமாற்றினால் அப்புறம் அவளுக்கு நான் யார்? யோசித்து முடிப்பதற்குள் மாமா ஒரு புடவையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"பாப்பா, இந்தா. கட்டிக்கினு வா."

யாழினி புடவையைப் பார்த்தாள், தாம்பாளத்தில் மிச்சமிருந்ததைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அம்மா, ரெண்டையும் படைச்சிட்டாங்களா?"

கூடம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. விமானத்தில் தயாரித்த வாக்கியம் ஒன்றுகூட வரவில்லை. அவள் ஞானஸ்நானம் எடுத்துவிட்டாள் என்றேன். படைத்ததைக் கட்ட மாட்டாள், அதனால்தான் இரண்டு வாங்கினேன், ஒன்றைப் படைக்காமல் வைத்திருந்தேன் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். மரியாதை வேறு, வழிபாடு வேறு, ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பிக்கை என்று என்னென்னவோ பேசினேன். முதியோர் இல்லத்தில் இருப்பவர்களின் சொந்தக்காரர்களிடம் பேசுகிற மாதிரி பாதி இங்கிலீஷில் பேசினேன். ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை.

பங்காளி வீட்டுப் பெரியவர் ஒருவர்தான் முதலில் பேசினார். வெளிநாட்டுக்குப் போனா எல்லாத்தையும் வுட்டுடணுமா, வளத்தவள மறந்துடணுமா, பூவாட கோச்சிக்கினா இந்த ஊட்டுக்கு யார் பதில் சொல்றது என்றார். சபைக்குப் போகிற குடும்பத்துப் பெண் ஏதோ சொல்ல வந்து, புருஷன் கையைப் பிடித்ததும் நிறுத்திக்கொண்டாள். கஸ்தூரிக்கா நெற்றியில் கை வைத்துக்கொண்டு, இதெல்லாம் எனக்குத் தெரியாதே, தெரிஞ்சா வெச்சிருக்க மாட்டேனே என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

மாமா புடவையை நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை. அவர் யாழினியைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தார்.

"அவ கட்டலன்னா பரவால்ல மா. ரெண்டு வாங்கின பாரு, அதான் வலிக்குது. இவனாண்ட சொன்னா இவனுக்கு இன்னா புரியப்போதுன்னு நென்ச்சிட்ட."

"பெரிப்பாவுக்குத் தெரியும்னு சொன்னீங்களேம்மா," என்றாள் யாழினி.

இரண்டு பேரும் ஒரே மாதிரி என்னைப் பார்த்தார்கள். இத்தனை நாளாக இவர்கள் ஒருவரை ஒருவர் எப்படிப் பார்ப்பார்களோ என்றுதான் நான் பயந்துகொண்டிருந்தேன். அந்தப் பார்வை என் மேல் விழும் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை.

6

மாமா புடவையை என் கையில் வைத்தார். நீயும் அவ கூடப் பொறந்தவதான, நீ போயி கட்டிக்கினு வா, நேரமாவுது என்றார். உள்ளறைக்குப் போனேன். தினமும் யூனிஃபார்ம் பேண்ட் போட்டுப் பழகிய கை, கொசுவம் நிற்கவில்லை. மடிப்பு மடிப்பாகக் கலைந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் பேச்சு கேட்டது. பாதிப் புடவையோடு நான் ஓடிப்போய்த் தடுக்கவும் முடியாது.

மாமாதான் பேசினார். நீ கட்ட வேணாம் பாப்பா, கும்புடவும் வேணாம், உங்க சாமியாண்ட உங்க பெரிம்மாவுக்காவ ஒரு ஜெபம் பண்ணிடு, அது போதும் எனக்கு என்றார். நல்லாச் சொன்னான் சேகரு என்று யாரோ சொன்னது கேட்டது. முருகா, தப்பித்தோம் என்று நினைத்தேன்.

"இல்ல பெரிப்பா," என்றாள் யாழினி. "எங்க சபைல செத்துப் போனவங்களுக்காக ஜெபம் பண்றதில்ல."

அடிப்பாவி, தலையை ஆட்டிவிட்டுப் போயேன் என்று மனசு அடித்துக்கொண்டது. கண்ணை மூடி ரெண்டு நிமிஷம் நின்றால் யார் கேட்கப்போகிறார்கள், உள்ளே என்ன சொன்னாய் என்று? பெரியவர் துண்டை உதறுகிற சத்தம் கேட்டது. நாங்க கெளம்புறோம் சேகரு என்றார். கொசுவத்தைக் கையில் பிடித்தபடி கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டேன்.

மாமா தரையில் உட்கார்ந்திருந்தார். யாழினி எதிரில் நின்றுகொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீர் ஓட, ஆனால் சொன்னதை மாற்றிக்கொள்ளாமல். மாமா அவளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பெரியவர் வாசற்படி வரைக்கும் போய் நின்றார்.

"அப்போ எனக்குப் பண்ணு," என்றார் மாமா. "நா உயிரோடதான கீறேன்."

யாழினி அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்தாள். அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். லேத் பிடித்துக் காய்த்த கை அது. முதலில் இங்கிலீஷில் ஆரம்பித்தாள், அப்புறம் அவருக்குப் புரியாது என்று நினைத்தாளோ என்னவோ, நிறுத்திவிட்டுத் தமிழில் சொன்னாள். பெரிப்பா ஒண்டியா இருக்காங்க ஆண்டவரே. நைட்டு சாப்பிடுறாங்களான்னு எங்களுக்குத் தெரியல. அவங்களுக்குத் தூக்கம் குடுங்க. பெரிம்மா இல்லாத ஊட்டுக்கு அவங்க வேலை முடிஞ்சு வரும்போது கூடவே வாங்க. ஜெபத்துக்கு அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்த தமிழ். அதையே திரும்பவும் ஒரு தடவை சொன்னாள்.

கஸ்தூரிக்கா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். அக்கா செத்ததிலிருந்து மாமா அழுது நான் பார்த்ததில்லை. வீடியோ காலிலும் பார்த்ததில்லை. இப்போது அழுதார்.

ஆமென் என்றாள் யாழினி. முடிந்துவிட்டது என்று மாமாவுக்குத் தெரியவில்லை, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு ஒரு கையை மட்டும் உருவிக்கொண்டு, பழக்கத்தில், சாமி சாமி என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

யாழினி அதைப் பார்த்தாள். இன்னொரு கையை அவள் விடவில்லை.